குறையைக் கோட்டத்திலேயே கேளுங்கள்

2022 நவம்பரில் குமரி மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு நின்றது. கீரிப்பாறை தொடங்கி, பேச்சிப்பாறை அணைக்கு மேலே மலையேறிப் போகும் குற்றியாறு, கோதையாறு வரையிலான தோட்டங்களின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நாளொன்றுக்கு 40 ரூபாய் கூலி உயர்வு என்பதே அவர்களுடைய முதன்மைக் கோரிக்கை. நாகர்கோவில் ஓட்டல் ஒன்றில் மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் பற்றாத தொகை அது. முந்தைய ஊதிய ஒப்பந்தம் காலாவதியாகி ஆண்டுகள் பல ஓடிவிட்டன. பேச்சுவார்த்தைகள் மட்டும் சுற்றுச் சுற்றாக நடந்துகொண்டிருந்தன. எதிர்த்தரப்பில் இருந்தது லாபக் கணக்கு மட்டுமே பார்க்கும் தனியார் முதலாளி இல்லை. தமிழக வனத்துறையின் கீழ் இயங்கும் அரசு ரப்பர் கழகம்.

கூலி எவ்வளவு என்பதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. 40 ரூபாய்க்காக வேலையை நிறுத்தும் நிலைக்குத் தொழிலாளி ஏன் தள்ளப்படுகிறார், அதற்கு முன்னால் அவர் பேச்சைக் கேட்க அந்தத் தோட்டத்தில் யார் இருந்தார்கள் என்ற கேள்வியை நாம் போதுமான அளவு எழுப்பவில்லை. சென்னையிலும் பெங்களூருவிலும் உள்ள நிறுவனங்களில் மனிதவளத் துறை இருக்கிறது. சம்பளச் சீட்டில் பிழை இருந்தாலும், மேலதிகாரி தகாத முறையில் நடந்தாலும், விடுப்பு மறுக்கப்பட்டாலும் மனுக் கொடுக்க ஓர் இடமும், அதற்குப் பதில் சொல்ல ஒரு காலக்கெடுவும் அங்கே உண்டு. அதே உரிமைகளைச் சட்டம் ரப்பர்த் தோட்டத் தொழிலாளிக்கும் கொடுத்திருக்கிறது. ஆனால், அந்த உரிமைகள் காட்டுக்குள் ஏறி வருவதில்லை.

இந்தத் தோட்டங்கள் உருவான விதத்தை நினைவில் வைத்துக்கொண்டால்தான் அரசின் கடமை எவ்வளவு பெரியது என்பது புரியும். குமரியில் வனத்துறை 1960-களின் தொடக்கத்திலிருந்தே ரப்பர் நட்டு வந்தது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கை மலையகத்தில் மூன்று நான்கு தலைமுறையாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் எழுந்ததைப் போலக் குமரி மலையடிவாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் கைகொடுத்தன. அந்தத் தோட்டங்களை நிர்வகிக்க 1984-ல் அரசு ரப்பர் கழகம் தொடங்கப்பட்டது. இன்றைக்கும் இங்கே பால்வெட்டுக் கத்தி பிடிக்கும் பலருடைய தாத்தா பாட்டிகள் ராமானுஜம் கப்பலிலும் ரயிலிலும் மண்டபம் முகாம் வழியாக வந்தவர்கள். ஒரு நாடு வேண்டாம் என்று அனுப்பியவர்களுக்கு இன்னொரு நாடு வாக்களித்துக் கொடுத்த வேலை இது. அந்த வாக்கின் ஒரு பகுதிதான் கூலியும் வீடும் மருத்துவமும். சலுகை என்று இவற்றைச் சொல்வதற்கு யாருக்கும் உரிமையில்லை.

பால்வெட்டு என்றால் என்ன என்பதை, ரப்பரை டயராக மட்டுமே பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விடியலின் குளிர்ச்சியில் மரப்பட்டையின் பால்குழாய்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும். வெயில் ஏறினால் அழுத்தம் தணிந்து பால் குறையும். ஆகவே இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒருவருக்கு ஒதுக்கப்படும் மரங்கள் முந்நூறு, நானூறு. ஒவ்வொரு மரத்திலும் முந்தைய வெட்டின் மேல், இடமிருந்து வலமாகச் சரிந்திறங்கும் கோட்டில், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான கனத்தில் பட்டையைச் சீவ வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. ஆழமாகப் போனால் கத்தி உள்ளிருக்கும் வளர்படையைக் காயப்படுத்தும். பட்டை முடிச்சு முடிச்சாகத் தடித்து, அந்த இடத்தில் மறுபடி வெட்டவே முடியாமல் போகும். இருபது, இருபத்தைந்து ஆண்டு பால் தர வேண்டிய மரத்தின் ஆயுளை அந்த ஒரு மில்லிமீட்டர்தான் தீர்மானிக்கிறது. வெட்டி முடித்தபின் பால் வடிந்து நிற்கும்வரை காத்திருந்து, மறுபடி அத்தனை மரத்துக்கும் நடந்து, சிரட்டைகளிலிருந்து வாளியில் சேகரித்து, மேடு பள்ளங்களில் சுமந்து கொண்டுபோய் எடைபோட வேண்டும். முந்தைய நாள் சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலையும் பிய்த்தெடுக்க வேண்டும்.

இதை ஒரு கைவினைஞனின் வேலை என்றே நான் நினைக்கிறேன். கூலி அட்டவணைதான் இதைக் கூலி வேலை என்கிறது. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டுக்கு மேலே மழைக்காப்புப் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தால்தான் ஓரளவு தப்பலாம். இரண்டு பருவமழையும் கொட்டுகிற மாவட்டம் குமரி. ஆண்டின் தொடக்கத்தில் இலையுதிரும் காலத்தில் மரத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அந்த நாட்களில் தொழிலாளி வீட்டு அடுப்புக்கு ஓய்வில்லை. நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு மழைக்காப்பு நேரத்துக்கு வந்ததா, தாமதமாக வந்ததா என்பதே ஒரு மாத வருமானப் பிரச்சினை. அதைக் கேட்கவும் ஒரு முறை வேண்டும்.

கூலிக்கு வருவோம். ரப்பர் விலை 2011 ஏப்ரல் வாக்கில் கிலோ 240 ரூபாயைத் தொட்டது. 2016 தொடக்கத்தில் நூறு ரூபாய்க்கும் கீழே விழுந்தது. 2024 ஆகஸ்டில் மறுபடி 240-ஐத் தாண்டியது. விலை விழுந்த ஆண்டுகளில் ‘கழகம் நஷ்டத்தில் இருக்கிறது’ என்ற பதில் வரும். அதில் உண்மையும் உண்டு. ஆனால், விலை ஏறும்போது கூலி தானாக ஏறுவதில்லை, அதற்கு மறுபடி முதலிலிருந்து பேச வேண்டியிருக்கிறது. ஊதிய ஒப்பந்தம் ஒன்று முடிந்து அடுத்தது வர நான்கைந்து ஆண்டுகள் இழுத்தால், அந்தக் காலம் முழுவதும் அரிசியும் பேருந்துக் கட்டணமும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் புதிய கூலிக்காகக் காத்திருக்காது. எழுத்தில் கூலி அப்படியே இருக்கிறது. கையில் வாங்கும்போது அது ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. கூலியைக் குறைக்க வேண்டுமென்றால் நிர்வாகம் 21 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றது 1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம். தாமதத்தின் மூலம் குறைப்பதற்கு எந்த அறிவிப்பும் தேவைப்படவில்லை.

கூலி பெரிய விவகாரம். அமைச்சர் வரை போகும், செய்தியாகும். தினசரி வாழ்க்கையை அரிப்பவை சின்னச் சின்ன விஷயங்கள். வருகைப் பதிவில் ஒருநாள் பெயர் விடுபட்டுப்போகும். கேட்டால் “நாளைக்குப் பாத்துக்கிடலாம்” என்ற பதில் வரும், சம்பள நாளில் ஒருநாள் கூலி குறையும். எடைபோடும் இடத்தில் பாலின் அடர்த்தி குறைவென்று எழுதினால் அதைச் சரிபார்க்கத் தொழிலாளிக்கு வழியில்லை. குடியிருப்பின் கூரை ஒழுகும். மனு மேலே போகும், பதில் கீழே வருவதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடும். மேற்பார்வையாளர் ஒருவருக்கு ஒரு பெண்ணைப் பிடிக்கவில்லையென்றால் அவளுக்கு ஒதுக்கப்படும் மரங்கள் செங்குத்துச் சரிவில் இருக்கும். மலைத்தோட்ட வாழ்க்கையை அறிந்த எவருக்கும் இவை புதிய செய்திகள் இல்லை. இவற்றில் ஒன்றுகூட வேலைநிறுத்தம் செய்யும் அளவுக்குப் பெரிதில்லை, ஒன்றுகூட மறக்கும் அளவுக்குச் சிறியதும் இல்லை. சேர்ந்து சேர்ந்துதான் ஒருநாள் 40 ரூபாய் என்ற ஒரே கோரிக்கையாக வெளியே வருகின்றன.

1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தைப் படித்தவர்களுக்கு அதன் நுணுக்கம் வியப்பாக இருக்கும். வீடு, மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம், பள்ளி மட்டுமின்றி, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காத்துக்கொள்ளக் குடையும் கம்பளியும் மழைக்கோட்டும் தருவதைப் பற்றிக்கூட அதில் ஒரு பிரிவு இருந்தது. தோட்டம் கொடுத்த வீடு இடிந்து விழுந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ பாதிக்கப்பட்டால் நிர்வாகம் இழப்பீடு தர வேண்டும் என்ற பிரிவு 1981-ல் சேர்ந்தது. பூச்சிமருந்துப் பாதுகாப்பு 2010-ல் வந்தது. இவ்வளவையும் சட்டமாக எழுதிய நாடு, ஒழுகும் கூரையைப் பற்றிய மனுவுக்கு இத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பதைத் அந்தச் சட்டத்தில் தொழிலாளியின் கையில் ஆயுதமாகக் கொடுக்கவில்லை.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டமும் தொழில் தகராறு சட்டமும் பணிக்கொடைச் சட்டமும் உட்பட 29 சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. தொழிற்சங்கங்கள் இவற்றை எதிர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு பொதுப் பயன்பாட்டுத் துறைகளுக்கு மட்டுமே கட்டாயமாக இருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்பு இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் கட்டாயம். அறிவிப்புக் கொடுத்து 14 நாள் ஆகும்முன் வேலையை நிறுத்தக் கூடாது; சமரசப் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்து ஏழு நாள் வரையிலும் நிறுத்தக் கூடாது. பேச்சை இழுத்துக்கொண்டே போகத் தெரிந்த நிர்வாகத்துக்கு இது எவ்வளவு வசதி என்பதைக் குமரித் தொழிலாளர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வேலைநிறுத்தத்தின் வாசலை இவ்வளவு குறுக்கியபின், குறைகேட்கும் வாசலை அதே அளவுக்கு அகலத் திறப்பதுதான் நியாயம்.

அதற்கான பிடியும் அந்தத் தொகுப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஒவ்வொரு தொழில் நிறுவனத்திலும் ஒன்றோ அதற்கு மேற்பட்டோ குறைதீர்ப்புக் குழுக்கள் இருக்க வேண்டும் என்கிறது தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு. நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில். தலைமை மாறி மாறி. பெண்களின் பங்கு, மொத்தத் தொழிலாளர்களில் அவர்களுடைய விகிதத்துக்குக் குறையக் கூடாது. குழு 30 நாளுக்குள் விசாரணையை முடிக்கலாம். முடிவில் திருப்தி இல்லையென்றால் சங்கம் வழியாகச் சமரச அதிகாரியிடம் போகலாம். ‘ஒன்றோ அதற்கு மேற்பட்டோ’ என்று சட்டம் சொல்கிறது அல்லவா? என் வாதம் முழுவதும் அங்கேதான் நிற்கிறது. நாகர்கோவில் தலைமை அலுவலகத்தில் ஒரே ஒரு குழுவை அமைத்துப் பெயர்ப்பலகை மாட்டிவிட்டால் சட்டம் நிறைவேறியதாகக் கணக்குக் காட்டலாம். கோதையாற்றிலிருந்து ஒரு பெண் தொழிலாளி அங்கே போய்வர ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். மழைக்காலத்தில் குற்றியாற்றுப் பக்கம் தரைப்பாலத்தில் வெள்ளம் ஏறினால் போகவே முடியாது. மணலோடையிலும் சிற்றாற்றிலும் கீரிப்பாறையிலும் குற்றியாற்றிலும் கோதையாற்றிலும், கழகத்தின் நிர்வாக அலகான கோட்டந்தோறும், தனித்தனிக் குழு வேண்டும். பால் எடைபோட்டு முடிந்த நேரத்தில், எடைபோடும் இடத்துக்குப் பக்கத்திலேயே அது கூட வேண்டும்.

பெண்களுக்கான பணியிடப் பாதுகாப்பு விஷயத்தில் சட்டம் இதைவிடத் தெளிவாகவே பேசுகிறது. 2013-ம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் உள்புகார்க் குழு வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. நிர்வாக அலகுகள் வெவ்வேறு இடங்களிலோ, கோட்ட, துணைக் கோட்ட அளவிலோ இருந்தால் ஒவ்வோர் அலகிலும் குழு அமைக்க வேண்டும் என்கிறது. தலைமை ஏற்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். விடியலுக்கு முன் ஆளரவமற்ற ரப்பர்க் காட்டுக்குள் தனியாக நிற்கும் பெண்ணைவிட இந்தப் பிரிவு அதிகம் தேவைப்படுகிறவர் யார்? குழு உறுப்பினர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் வருகைப் பதிவு நடக்கும் இடத்தில் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். குழுவுக்கு வருகிறவர்களில் எழுத முடியாதவர் இருந்தால் அவர் புகாரை எழுத்தில் கொடுக்க உதவுவது குழுவின் கடமை என்பதையும் அந்தச் சட்டமே சொல்கிறது.

பெண்கள் பேச ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழகத் தென்மாவட்டங்களில் வேர்கொண்ட குடும்பத்தினர். போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதுதான் பொறி. நிர்வாகத்தோடு சேர்த்துத் தங்கள் சங்கத் தலைவர்களையும் அவர்கள் எதிர்த்தார்கள். ஆண் தலைவர்களைக் கூட்டத்துக்குள் விடவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயர் அப்போதுதான் நாடு முழுக்கத் தெரிந்தது. 20 சதவீதம் போனஸ் கிடைத்தது. அக்டோபரில் தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயானது. இப்போதோ, தொழிலாளர்களில் 51 சதவீதத்தின் ஆதரவுள்ள சங்கமே இனி பேச்சுவார்த்தைக்குரிய தனிச் சங்கம் என்கிறது புதிய தொழில் உறவுத் தொகுப்பு; அந்தச் சங்கத்துக்குள் ஒலிக்காத பெண்களின் குரல் மேஜையிலும் ஒலிக்காது. குறைதீர்ப்புக் குழுவில் பெண்கள் தங்கள் குரலில் பேச இடம் கொடுக்காவிட்டால், குமரியிலும் சங்கங்களுக்கு அந்த நாள் வரும். குமரித் தோட்டச் சங்கங்கள் நீண்ட போராட்டங்களை நடத்தியவை, ஒப்புக்கொள்கிறேன். சந்தா கட்டும் பெண்களின் எண்ணிக்கையையும் பேச்சுவார்த்தை மேஜையில் அமரும் பெண்களின் எண்ணிக்கையையும் அவர்களே ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

தொழிலாளியை அரிக்கும் இன்னொரு கேள்வி தோட்டத்தின் எதிர்காலம். மேல்கோதையாற்றுக்கு வண்டியில் போக வேண்டுமானால் திருநெல்வேலி மாவட்டத்துக்குள் நுழைந்து மாஞ்சோலை வழியாகத்தான் ஏற வேண்டும். அந்த மாஞ்சோலையில் 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நிறுவனம் 2024-ல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்துத் தோட்டத்தை மூடும் வேலையைத் தொடங்கியது. அதே தொழிலாளர்களின் கூலிக் கோரிக்கைக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் நடந்த ஊர்வலத்தில், தாமிரபரணிக் கரையில் 17 உயிர்கள் போயின. நீலகிரி, வால்பாறைப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் 2022-ல் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைப்பதென்று முடிவானது. குமரித் தொழிலாளர்கள் இந்தச் செய்திகளையெல்லாம் படிக்கிறார்கள். நாளை நம் தோட்டமும் காடாகிவிடுமா, வீட்டைக் காலிசெய்யச் சொல்வார்களா என்ற பயம் அவர்களுக்குள் இருக்கிறது. தோட்டத்தின் எதிர்காலம் பற்றிய எந்த முடிவும் அவர்களிடம் முதலில் சொல்லப்பட வேண்டும். செய்தித்தாளில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை, ஆண்டுக்கணக்கில் கட்டிய நல்லுறவை ஒரே காலையில் உடைத்துவிடும்.

யானைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 ஜூனில் அரிக்கொம்பன் யானையைத் தேனியில் பிடித்து மேல்கோதையாற்றுப் பகுதிக் காட்டில் விட்டபோது, பேச்சிப்பாறைக்கு மேலுள்ள தோட்டங்களிலும் காணிக்காரப் பழங்குடியினர் குடியிருப்புகளிலும் பெரும் கலக்கம் ஏற்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் இந்தத் தோட்டங்களுக்கு யானை புதிதில்லை. இருட்டில் வேலைக்கு நடக்கிற தொழிலாளியைப் பொறுத்தவரை புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் முக்கியமான ஒரு பிரிவு இருக்கிறது: வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்து, நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றால் வேலையோடு தொடர்புடையதென்றால், வேலையின்போது நடந்ததாகவே கருதப்படும். காட்டுவழியில் யானை தாக்கினால் வனத்துறை தரும் நிவாரணத்தோடு விஷயம் முடிந்துவிடக் கூடாது. வேலையளிப்பவர் என்ற முறையிலும் கழகத்துக்குப் பொறுப்பு உண்டா என்பது கேட்கப்பட வேண்டும். வனத்துறையும் கழகமும் ஒரே அரசின் இரண்டு கைகள் என்பதால் இந்தக் கேள்வியை இரண்டுமே கேட்காமல் விட்டுவிட வாய்ப்பு அதிகம். தொழிலாளிக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் சங்கங்களும் மாவட்டத் தொழிலாளர் துறையும்தான்.

பணிக்கொடை இன்னொன்று. முப்பது ஆண்டு கத்தி பிடித்து, முழங்கால் தேய்ந்து ஓய்வுபெறும் ஒருவருக்கு அது 30 நாளுக்குள் வர வேண்டும். தாமதித்தால் வட்டியோடு வர வேண்டும். பழைய சட்டமும் அதைத்தான் சொன்னது, புதியதும் அதையே சொல்கிறது. வட்டியைக் கேட்டு வாங்கிய தோட்டத் தொழிலாளியை எனக்குத் தெரியாது. தனக்கு வட்டி உண்டு என்று அறிந்தவர்களே குறைவு.

கழகத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியைத் தவிர்க்க நான் விரும்பவில்லை. வயதான மரங்கள், மறுநடவுக்கான முதலீடு, அடிமட்டத்துக்கு இறங்கி ஏறும் விலை, மழையில் போகும் நாட்கள் என்று நிர்வாகத்தின் சிக்கல்கள் உண்மையானவை. கூலி உயர்வுக்கு அரசு நிதியிலிருந்து கைகொடுக்க வேண்டிய காலம் வந்தால் கொடுக்கத்தான் வேண்டும். தாயகம் திரும்பியோரை மறுவாழ்வு தருவதாகச் சொல்லி அழைத்துவந்த அரசுக்கு அந்தப் பொறுப்பு காலாவதியாகவில்லை. ஆனால், நான் இங்கே கேட்டிருப்பவற்றில் பெரும்பகுதிக்குப் பணமே தேவையில்லை. கோட்டத்துக்கு ஒரு குழு, அதில் பாதி இடம் தொழிலாளருக்கு, பெண்களுக்கு உரிய பங்கு. வருகைப் பதிவையும் எடைக் கணக்கையும் தொழிலாளியே பார்த்துக் கையொப்பமிடும் ஒரு நோட்டு. தமிழில் அச்சிட்ட சம்பளச் சீட்டு. ஒவ்வொரு மனுவுக்கும் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு. ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே அடுத்ததற்கான பேச்சைத் தொடங்கும் வழக்கம். குறித்த நாளுக்குள் முடியாவிட்டால் பழைய தேதியிலிருந்தே உயர்வு கணக்கிடப்படும் என்ற எழுத்துமூல உறுதி. இந்தக் கடைசி ஒன்று இருந்தாலே இழுத்தடிப்பதால் யாருக்கும் லாபமில்லை என்றாகிவிடும், பேச்சு தானாக விரைவுபெறும்.

அரசே முதலாளியாக இருக்கும் இடத்தில் இவற்றைச் செய்ய முடியாவிட்டால், குலசேகரம் சுற்றுவட்டாரத் தனியார் எஸ்டேட்டுகளிடம் எந்த முகத்தோடு சட்டத்தைக் காட்டித் தொழிலாளர் ஆய்வாளர் பேசுவார்? புதிய தொகுப்புகளுக்கான மாநில விதிகளில் தோட்டங்களைப் பொறுத்தவரை ‘கோட்டந்தோறும் குறைதீர்ப்புக் குழு’ என்ற ஒரு வரியைத் தமிழக அரசு சேர்க்கலாம். விதி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கழகத்தின் நிர்வாக இயக்குநர் ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். வரும் இலையுதிர் ஓய்வுக் காலத்திலேயே, பால்வெட்டு நிற்கும் அந்த வாரங்களில், குழுக்களுக்கான தேர்வை எல்லாக் கோட்டங்களிலும் நடத்தி முடித்துவிடலாம்.